தைபேயிலிருந்து ஷாங்காய்க்கு எவ்வளவு தூரம்?

தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் தூரம் அளப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பிடித்தமான காரியம். நாமும் இந்த வாரம் அப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சீனத்தின் ஷாங்காய் நகரமும் தைவான் தீவிலுள்ள தைபேயும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் அமைந்திருக்கின்றன. ஆகையால் கணக்கு வெகு சுலபம். அட்சரேகையில் வித்தியாசம் 6.2 பாகை; பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 690 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் ஆகாய விமானத்துக்கு, ஏறி இறங்கும் நேரம் உட்பட, ஒன்றரை மணிப் பிரயாணம். இரண்டு ஊர்களிலும் கடிகாரம் ஒரே மணியைத்தான் காட்டும்.

இது பூகோளம் சொல்லும் விடை. சரித்திரம் சொல்லும் விடை வேறு.

1949-ஆம் ஆண்டு உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற சியாங் கை ஷேக்கின் அரசாங்கம் தைவானுக்குப் பெயர்ந்தது. லட்சக்கணக்கான போர்வீரர்களும் குடிமக்களும் உடன் கடல் கடந்தார்கள். விரைவில் ஊர் திரும்பலாம் என்று நம்பித் தாயையும் மனைவியையும் விட்டு வந்தவர்கள் பலர். நடுவே கதவு சாத்தப்பட்டது. உறவினரைக் காணப் போகலாம் என்று தைவான் அரசாங்கம் அனுமதி தந்தது 1987 நவம்பரில்தான். இடையில் கழிந்தவை 38 வருஷங்கள்! ஊர் போய்ச் சேர்ந்தபோது பெற்றோரின் சமாதியை மட்டுமே கண்டவர்கள் எத்தனையோ பேர்.

அனுமதி கிடைத்தும் நேர்வழி கிடைக்கவில்லை. ஹாங்காங் போன்ற மூன்றாம் இடத்துக்குப் போய், அங்கே வேறு விமானம் ஏற வேண்டும். தைபேயிலிருந்து ஹாங்காங் 800 கிலோமீட்டர். அங்கிருந்து ஷாங்காய் 1,200 கிலோமீட்டருக்கு மேல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அது இதுதான்!

2003-இல் சீனப் புத்தாண்டுக்காகத் தைவானின் விசேஷ விமானங்கள் ஷாங்காய் சென்றன. ஆனால் வழியில் ஹாங்காங் போன்ற மூன்றாம் இடத்தில் தரையிறங்கியே போக வேண்டியிருந்தது. 2005-இல் இறங்கத் தேவையில்லை என்றார்கள். எனினும் ஹாங்காங் வானத்தின் வழியாகவே பறக்க வேண்டும். 2008 ஜூலையில் வாரக் கடைசி விமானங்கள் தொடங்கின. அவையும் சுற்றியே சென்றன. கடைசியில் அந்த ஆண்டு டிசம்பர் 15-இல்தான் நேர்வழி திறந்தது. 1949-இல் இருபது வயது வாலிபராகக் கப்பலேறியவருக்கு அப்போது வயது எழுபத்தொன்பது.

அந்த வருஷத்தில் விமானத்தின் வேகம் கூடிவிடவில்லை. கடலின் அகலமும் குறைந்துவிடவில்லை. இரு கரை அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசின, அவ்வளவுதான். தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும் என்று நம் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். கற்பிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்கு, வழியில் கதவு எதுவும் சாத்தியிராதபோது மட்டுமே சரிவரும் என்பதையும் கூடவே சொல்லிவைப்போம்.