கிணற்றில் குதித்த கடற்காகம்

பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் புத்தகத்தை என்றைக்காவது புரட்டியிருக்கிறீர்களா? மார்க் ஷீட்டைப் பார்த்துக் கத்துகிற அப்பாக்கள் பாடப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு தடவை பாருங்கள், நன்றாகவே இருக்கிறது.

2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூலில் முதல் பாடம், லியாம் ஓ ஃப்ளாஹர்ட்டி என்கிற ஐரிஷ்காரர் எழுதிய கதை. ஒரு கடற்காகக் குஞ்சு. கூடப் பிறந்ததெல்லாம் பறந்தாச்சு. இது மட்டும் பாறை விளிம்பில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. அப்பா அம்மா திட்டிப் பார்க்கிறார்கள், பட்டினி போட்டுப் பார்க்கிறார்கள். ஊஹூம். கடைசியில் அம்மா ஒரு துண்டு மீனோடு கிட்டே வந்து ஆசை காட்ட, பசி தாங்காமல் பாய்ந்து, விழுந்து... பறந்தே விடுகிறது.

சரி, இதைக் கலசப்பாக்கத்தில் நடத்த வேண்டும். செய்யாற்றங்கரை ஊர். பக்கத்தில் பர்வதமலை. ஆரணிப் பட்டுத் தறிச் சத்தம் பழகிய வட்டாரம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாண்டிச்சேரிப் பக்கம் பஸ் ஏற வேண்டும்.

வழக்கமாக என்ன நடக்கும்? டீச்சர் ஒரு வரி படிப்பார், தமிழில் அர்த்தம் சொல்வார். "ஸீகல்னா கடற்காகம். எழுதிக்கோங்க." நாற்பது தலை குனியும். அப்புறம் கொஸ்டின் ஆன்ஸர், கைடு, மனப்பாடம். கதையில் குஞ்சு பறந்துவிடும். வகுப்பு மட்டும் பாறையிலேயே உட்கார்ந்திருக்கும்.

டீச்சரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. எம்.ஏ.வில் மில்டனைப் படித்தார். பி.எட்.டில் லெஸன் ப்ளான் எழுதினார். வீட்டில் இங்கிலீஷே காதில் விழாத பிள்ளைக்கு ஒரு இங்கிலீஷ் கதையை எப்படி ருசிக்கக் கொடுப்பது என்பது இரண்டுக்கும் நடுவே எங்கேயோ விழுந்துவிட்டது.

நம் வாத்தியார்களுக்கு ட்ரெயினிங் ஒன்றும் புதுசில்லை. 1950-களின் கடைசியில் சென்னை ராஜ்யத்தில் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டார்கள். 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்று வெளிநாட்டுப் பத்திரிகையில்கூட வந்தது. கொஞ்சம் பேரைப் பழக்கி, அவர்கள் இன்னும் பலரைப் பழக்கி... உருட்ட உருட்டப் பெருக்கும் பனிப்பந்து. மெட்ராஸ் வெயிலில் பனிப்பந்து! ஆனால் அங்கே சொல்லித் தந்தது 'திஸ் இஸ் எ புக்' மாதிரி வாக்கிய அமைப்பு. கதை, கவிதை அதன் வேலையில்லை.

அப்புறம் என்.எஸ்.பிரபு வந்தார். 1979-லிருந்து 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரயில்வே டைம்டேபிளையும் மேப்பையும் கொடுத்தார். எந்த ரயிலைப் பிடிப்பது என்று மண்டையைக் குடைந்துகொள்ளும்போதே மொழி உள்ளே போய்விடும் என்பது அவர் கட்சி. 1990-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். எல்லாருக்கும் பொருந்தும் உத்தமமான முறை என்று ஒன்று கிடையாது. இப்படிச் செய்தால் பிள்ளைக்கு ஏறும் என்று வாத்தியாருக்கே உள்ளூரத் தோன்ற வேண்டும். மெஷின் மாதிரி நடத்துவதுதான் முதல் எதிரி என்று எழுதினார்.

1980-களில் சென்னை பிரிட்டிஷ் கவுன்ஸிலில் இருந்த ஆலன் மேலி, ஆலன் டஃப்போடு சேர்ந்து, கவிதையை வகுப்பில் எப்படிப் புழங்க விடுவது என்று வாத்தியார்களுக்காகவே 1989-ல் ஒரு புத்தகம் போட்டார். ஆக, வழி தெரியாமல் இல்லை.

நான் சொல்வது சின்ன விஷயம். வட்டார வள மையத்தில் பயிற்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருத்தாளர் ஸ்லைடைத் தள்ளிவிட்டு, "நீங்க மொதமொதல்ல கிணத்துல குதிச்சது ஞாபகம் இருக்கா ஸார்?" என்று கேட்கட்டும். ஹால் விழித்துக்கொள்ளும். முதுகில் கட்டிய சுரைக்குடுக்கை, கீழே தண்ணீரில் மாமா, பின்னாலிருந்து தள்ளிவிட்ட அண்ணன்... ஆளுக்கொரு கதை வரும். அதன் பிறகு கடற்காகத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். குஞ்சின் பயம் அவர்கள் வயிற்றிலேயே கிளம்பும். அப்படி ஒரு தடவை வாசித்தவர்தான் மறுநாள் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்பார். பிள்ளைகள் முதலில் தமிழில் பொரிந்து தள்ளும். பிறகு நாலு வார்த்தை இங்கிலீஷ்: "ஐ ஃபியர் வாட்டர். அண்ணா புஷ்." அந்த இடத்தில் சிவப்புப் பேனாவை மூடி வைக்க வேண்டும். அது தப்பு அல்ல, ஸார், இறக்கை.

தறிக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பழைய பாவு முடிந்ததும் மிச்ச நுனியை அறுத்து எறிய மாட்டார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. முதுகு ஒடியும். ஆனால் பழசு முன்னே போய் வழிகாட்ட, புதுசு பின்னாலேயே அச்சுக்குள் வந்துவிடும். தமிழ் பழைய இழை, இங்கிலீஷ் புது இழை. அவ்வளவுதான்.

"மார்க் வருமா?" என்பீர்கள். மனப்பாடத்தில் மார்க் வருகிறது, மறுக்கவில்லை. பரீட்சை முடிந்த பிறகு அந்தப் பிள்ளை ஒரு பக்கம் இங்கிலீஷைத் தானாக எடுத்துப் படிக்குமா? காலேஜில் அட்மிஷன் வாங்கிய கையோடு பாஷை புரியாமல் கடைசி பெஞ்சில் ஒடுங்கிப் போகிற பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்லும்.

அடுத்த பயிற்சி அட்டவணையில் வாத்தியார்கள் கதை படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டீ, பிஸ்கட்டுக்கு ஒதுக்குகிறோமே! கடற்காகக் குஞ்சுக்கு அம்மா காட்டியது மீன். பவர்பாயிண்ட் அல்ல.