வெற்றிடமல்ல, வெற்றிச் சின்னம்!

வடபுலத்து அலுவலகங்களிலே விண்ணப்பத் தாளை நீட்டும் தமிழ் இளைஞனிடம், "உன் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்கிறார்கள். சர்மா என்றோ, யாதவ் என்றோ, குப்தா என்றோ ஒரு சொல்லை எதிர்பார்த்து எழுதுகோல் காத்திருக்கிறது. அவனோ தன் பெயரைச் சொல்கிறான்; தந்தையின் முதலெழுத்தைச் சொல்கிறான்; அதற்குமேல் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. "இதென்ன பாதிப் பெயர்?" என்று புன்னகைக்கிறார்கள்.

தோழர்களே! அது பாதிப் பெயரன்று. அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறதே, அந்த வெறுமை போராடிப் பெற்றது. எப்படிப் பெற்றோம் என்பதை இன்றைய இளைஞர் அறிந்திருக்க வேண்டும். அறியாதவர்கள் அதைக் குறையென்று எண்ணி, பாட்டன் கழற்றி எறிந்த பட்டத்தைப் பேரன் பொறுக்கி அணியும் காட்சியை இன்று காண்கிறோமல்லவா?

பட்டம் பழந்தமிழர் வழக்கம் என்பாருண்டு. சங்கப் புலவர் பெயர்களைப் புரட்டிப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்: ஊர் தெரிகிறது, தொழில் தெரிகிறது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: தந்தை யாரென்று தெரிகிறது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்: ஊரும் சேரியும் தெரிகின்றன. தவசம் விற்றவரும் அறுவை விற்றவரும் புலவர் வரிசையிலே ஒன்றாக அமர்ந்திருக்கின்றனர். ஊரும் தந்தையும் முன்னே, தன் பெயர் பின்னே; அதுவே தமிழன் பெயரிட்ட முறை. இன்று நாம் இடும் முன்னெழுத்து அந்த முறையின் சுருக்கமே.

பின்னர்ப் பட்டங்கள் வந்தன. சோழப் பேரரசின் கல்வெட்டுகளிலே மூவேந்தவேளான், பல்லவரையன், பிரமராயன் என்று எத்தனையோ காண்கிறோம். அவை மன்னன் தன் அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் வழங்கிய சிறப்புகள். முதலி என்றால் முதன்மையானவன். பிள்ளை என்றால் மகன். செட்டி என்றால் வணிகன். பதவியையும் தொழிலையும் உறவையும் குறித்த சொற்கள் காலப்போக்கிலே பிறப்பைக் குறிக்கும் முத்திரைகளாக இறுகின. உழைத்துப் பெற்ற சிறப்பு, உழைக்காமலே பெறும் உரிமையாயிற்று! 1871-இல் தொடங்கிய வெள்ளையர் ஆட்சியின் மக்கள்தொகைக் கணக்கு, அந்த முத்திரைகளை ஏட்டிலேற்றி மேலும் கெட்டிப்படுத்தியது.

மேலே இருந்தவனுக்குப் பட்டம் அணி. கீழே தள்ளப்பட்டவனுக்கோ பெயரே தண்டனை. "சாமி" என்று முடியும் பெயரை அவன் வைத்துக்கொண்டாலும் ஆண்டையின் வாயிலே அது முனியன் என்றும் குப்பன் என்றும் குறுகிற்று. தலைநரைத்த கிழவனைப் பண்ணையார் வீட்டுச் சிறுவன் "அடே" என்றழைத்தான். ஆகவே, பட்டத்திற்காகப் போராடியோரின் மனத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

நாடார் சமுதாயத்தின் வரலாறே அதற்குச் சான்று. நிலவுடைமைக் குடும்பங்கள் சிலவே தாங்கியிருந்த பட்டம் அது. ஏனையோரைச் சாணார் என்றே அரசு ஏடுகள் குறித்தன. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள்மீது வழக்கு. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் தோல்வி. இடையிலே, 1899-இல் சிவகாசியிலே சூறையாடலும் குருதியும். 1910-இல் மகாஜன சங்கம் கண்டு, ஓயாது முறையிட்டு, 1921-இல் அரசு ஏடுகளிலே நாடார் என்னும் பெயரை அவர்கள் நிலைநாட்டினார்கள்.

அத்தனை பாடுபட்டுப் பெற்ற பட்டத்தை எட்டே ஆண்டுகளில் ஒருவர் துறந்தார்! 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டின் தலைவர், பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர். சாதிப் பட்டங்களை ஒழிப்பீர் என்று மாநாடு தீர்மானித்தது. தலைவர் தம் பெயரிலிருந்தே தொடங்கினார். தந்தை பெரியார் அதற்கு முன்னரே, 1927-ஆம் ஆண்டின் இறுதியில், "குடி அரசு" இதழில் தம் பெயரோடு ஒட்டியிருந்த "நாயக்கர்" பட்டத்தை நீக்கிவிட்டார். சௌந்தரபாண்டியனார் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அமையவில்லை. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்து, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று எச்சரித்தவர் அவர். சொல்லைத் துறந்தவர், செயலைத் துறக்கவில்லை! சென்னைப் பாண்டி பசாரிலே துணி வாங்கச் செல்வோர், அந்தப் "பாண்டி" அவர்தாம் என்பதை நினைவிற்கொள்க.

"பட்டத்தை விட்டீர்கள், சாதிச் சான்றிதழை மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேலி பேசுவோர் உண்டு. சான்றிதழ், இழைக்கப்பட்ட அநீதியின் கணக்கு. கடன் தீரும்வரை கணக்கேடு வேண்டும். பட்டமோ, அந்த அநீதியையே மார்பிலே குத்திக்கொள்ளும் பதக்கம். மருந்துச் சீட்டும் நோயும் ஒன்றாகுமா?

ஆயினும், பெயரில் அறுத்ததாலேயே நெஞ்சில் அறுந்துவிட்டது என்று மார்தட்ட முடியவில்லை. பட்டம் கேட்க வெட்கப்படுகிறவன் ஊரைக் கேட்கிறான், பிறகு தெருவைக் கேட்கிறான், குலதெய்வத்தைக் கேட்கிறான். 2023 ஆகஸ்டிலே நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவன் வீட்டிற்குள் புகுந்து அவனை வெட்டினார்களே! அங்கே சாதியை அடையாளம் காட்டப் பட்டம் தேவைப்பட்டதா? அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கை, பள்ளிகளின் பெயரில் ஒட்டியுள்ள சாதிச் சொற்களையும், மாணவர் கையிலே கட்டும் வண்ணக் கயிறுகளையும் நீக்கச் சொன்னது. பெயரிலிருந்து விரட்டிய சாதி கயிறாகக் கைக்கு ஏறியிருக்கிறது. 2025 ஏப்ரலில், "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு நன்று, அந்தத் தெருவுக்குள் ஊரின் பொதுப்பாதையும் சுடுகாட்டு உரிமையும் சேர்ந்து நுழையும்போதுதான் அது முழுமையாகும்.

எனவே, தோழர்களே, செய்ய வேண்டியது வீட்டிலிருந்தே தொடங்குகிறது. திருமண அழைப்பிதழிலே, "பெரியப்பா மனம் நோகும்" என்று பட்டத்தை அச்சிடாதீர். சுவரொட்டியிலே, தலைவர் படத்துக்குக் கீழே சாதி அடைமொழியோடு உங்கள் பெயரைப் பொறிக்காதீர். பிள்ளையின் கையிலே உள்ள கயிற்றை அவிழ்த்துவிட்டு நூலைக் கொடுங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பெயரிலே பட்டம் இல்லை என்று பெருமை பேசும் நாட்டிலே, தேர்தல் வந்ததும் தொகுதிதோறும் சாதித் தலைகளை எண்ணி வேட்பாளர் தேடப்படுவதேன்? எல்லாக் கட்சியினரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

"உன் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்பவனுக்கு நம் இளைஞன் நாணித் தலைகுனிய வேண்டியதில்லை. "இருந்தது, கழற்றிவிட்டோம், நீங்கள் எப்போது?" என்று நிமிர்ந்து கேட்கட்டும். அப்படிக் கேட்கும் தகுதியை அவனுக்குத் தருவது, பெயரிலே மட்டுமின்றி வாழ்விலும் அதைக் கழற்றும் நம் பணியே!