ஆண்டுதோறும் கேஸ் எதற்கு?

கேரளத்தின் பொன்முடி அடிவாரத்து வித்துராவிலும் இன்று ஏசி ஆடம்பரமல்ல. அது குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளும் வெப்ப பம்பு. அதற்குக் காற்று தடையின்றி ஓட வேண்டும். மலையோர ஈரப்பதத்தில் தூசி ஃபில்டரில் அப்பிக்கொள்கிறது. காற்று குறைந்தால் காயிலில் பனி கட்டும், கம்ப்ரசர் நெடுநேரம் ஓடும், கரண்ட் பில் ஏறும். வடிகுழாயில் பாசி அடைத்தால் தண்ணீர் சுவரில் இறங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாய் நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டப் பத்து ரூபாய்கூடச் செலவில்லை.

"அதற்குத்தானே ஆண்டுதோறும் மெக்கானிக்கை அழைத்து கேஸ் நிரப்புகிறோம்" என்பார்கள். ஆழமான சுத்தத்துக்கும் மின் இணைப்பைப் பார்க்கவும் மெக்கானிக் தேவைதான். ஆனால் கேஸ் பெட்ரோல் போல் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது வீட்டுக்காரரின் பணத்தையும் வீணாக்குகிறது, வானத்தையும் கெடுக்கிறது: ஆர்-410ஏ என்ற ஏசி கேஸ் ஒரு கிலோ கசிந்தால், புவியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில், சுமார் 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32 என்ற கேஸில் இது மூன்றில் ஒரு பங்கு, அதுவும் சிறிதல்ல. ஃபில்டர் கழுவ நேரமில்லை என்பார்கள் சிலர். அது கால் மணி நேர வேலைதான். கேஸ் நிரப்பச் சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் செம்புக் குழாயின் இணைப்பு நட்டுகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.