ஒழுகும் வீடும் வாடகைச் சட்டமும்

ஆடி கழிந்ததும் சென்னையில் வீடு தேடுவோர் கூட்டம் பெருகும். மார்கழி பிறந்துவிட்டால் குடிபோவார் அரிது. இவ்விடைக்காலத்திலேயே, இந்நகரின் வருஷ மழையில் பாதிக்கு மேற்பட்டதும் பெய்து தீர்கிறது. புரட்டாசி வெயிலில் வீடு பார்ப்பவருக்குப் புதுச் சுண்ணாம்பு தெரியுமேயன்றி, மொட்டை மாடியின் விரிசல் தெரியாது.

முன்பணம் கொடுத்தபின் தளம் ஒழுகினால் செப்பனிட வேண்டியவர் யார்? 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி கட்டடப் பழுதும் வெள்ளையடிப்பும் சொந்தக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர் போன்ற சில்லறை வேலைகளே குடித்தனக்காரரைச் சேர்ந்தவை. சொந்தக்காரர் மறுப்பாராகில், குடித்தனக்காரரே செய்வித்துச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இதனைப் படித்தவர்களிலும் பலர் அறியார். அறிந்தவரோ, காலி செய்யச் சொல்வார்களென்றஞ்சி வாளி வைத்து நீர் பிடிக்கின்றனர். ஒப்பந்தம் எழுதுமுன் மாடியேறிப் பார்த்து, பழுதுகளை ஐப்பசிக்குள் நீக்குவதாகச் சொந்தக்காரரிடம் எழுதி வாங்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.