பைக்குக்கு எதுக்கு இத்தனை நகை?

ஆடி வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போயிருக்கிறீர்களா? அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் மாரியம்மன் கோயில். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, அருப்புக்கோட்டை என்று நாலா பக்கமிருந்தும் ஜனம் வந்து குவியும். கண் நோய் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கண்மலர் காணிக்கை செலுத்துகிறவர்கள் இங்கே நிறைய. புது வண்டி வாங்கினால் முதல் பூஜையை இங்கேதான் போட வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் வழக்கம். எலுமிச்சம்பழம் டயருக்கடியில் நசுங்க, மாலையும் சந்தனமுமாக வண்டி நகருவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

போன வருஷம் என் தங்கை மகனும் புது பைக்கோடு வந்தான். வண்டி வாங்கிப் பத்தே நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அம்மனிடம் வருவதற்கு முன்பே ஒரு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் கடைக்குப் போய் வந்துவிட்டான்! முன்னால் இரண்டு பக்கமும் கண்ணைப் பறிக்கிற எல்.இ.டி. விளக்கு. கீழே இறக்கி மாட்டிய ஹேண்டில் பார். பெரிய லெக் கார்டு. நாலு வீதி தள்ளிப் போனாலும் கேட்கிற சைலென்ஸர்.

"எவ்வளவுப்பா ஆச்சு?" என்றேன்.

"பதினெட்டாயிரம் மாமா. ஃபிரெண்டு கடைங்கறதால கம்மி பண்ணிக் குடுத்தான்."

"ஹெல்மெட்?"

"வண்டியோட குடுத்தது வீட்ல இருக்கு மாமா!"

பூஜை முடிந்து கிளம்பும்போது, வெயிலில் நடக்க முடியாமல் என் மனைவி அவன் வண்டியில் ஏறி ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். வண்டி பத்தடி கூடப் போயிருக்காது. பூ விற்றுக் கொண்டிருந்த அம்மா ஒருவர், "ஏ தம்பி... நிறுத்து! சேலை... சேலை!" என்று அலறினார். அவன் சட்டென்று பிரேக் பிடித்தான். முந்தானையில் ஒரு முழத்துக்கு மேல் சக்கரத்துக்குள் போயிருந்தது. கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இன்னும் பத்தடி போயிருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"அம்மன்தான் காப்பாத்தினா" என்றாள் என் மனைவி. வாஸ்தவம்தான். ஆனால் வண்டி செய்தவர்களும் ஒரு காவல் வைத்துத்தானே அனுப்பியிருந்தார்கள்? பின் சக்கரத்தை மறைக்கிற சாரி கார்டு எங்கே என்று பார்த்தேன். காணோம்! "அது வண்டி லுக்கையே கெடுக்குதுன்னு கழட்டிட்டேன் மாமா" என்றான் பையன், தலையைக் குனிந்து கொண்டு.

எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் என்றால் மாட்டுகிற விஷயம் என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது... மாட்டுவதற்கு முன்னால் நாம் கழற்றுவதுதான் முதல் ஆபத்து.

கழற்றிப் போடுவதெல்லாம் எதற்காக இருந்தது?

புது வண்டி எடுத்ததும் பையன்கள் முதலில் கழற்றுவது சாரி கார்டு, பின்னால் பிடித்துக் கொள்கிற கம்பி, இரண்டு கண்ணாடிகள், பின் மட்கார்டின் நுனி. இவை எல்லாமே உடம்புக்காக வைத்தவை என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறோமா?

1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி இதைப் பற்றியே பேசுகிறது. பின் ஸீட் உள்ள மோட்டார் சைக்கிளில் கையால் பிடித்துக் கொள்ள ஒரு பிடி, கால் வைக்க ஃபுட் ரெஸ்ட், பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கிற தடுப்பு... இந்த மூன்றும் கட்டாயம். நம் ஊர்ப் பெண்களின் சேலையையும் தாவணியையும் மனதில் வைத்து எழுதிய மாதிரி இருக்கிறதல்லவா!

சக்கரத்தில் துணி சிக்குவது சின்ன விஷயம் இல்லை. இஸடோரா டங்கன் என்று உலகப் புகழ் பெற்ற நடனக் கலைஞர் இருந்தார். 1927-ல் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் திறந்த காரில் போகும்போது அவருடைய நீளமான கழுத்துத் துணி சக்கரத்தில் சுற்றி இழுத்து, அங்கேயே உயிர் போனது. நம்மூரில் துப்பட்டாவும் முந்தானையும் அதே வேலையைச் செய்யக் கூடியவைதான். சேலையோடு போகிற பெண்ணை அது தரையில் தள்ளும். கழுத்தைச் சுற்றிய துப்பட்டாவானால் கழுத்தையே நெரித்துவிடும்.

குழந்தைகள் கதை வேறு. பின்னால் உட்காருகிற பிள்ளைக்கு ஃபுட் ரெஸ்ட் எட்டாது. கால் தொங்கும். தூக்கம் வந்தால் அந்தக் கால் சக்கரத்துக்குள் போகும். குதிகாலின் தோலும் சதையும் உரிந்து வருகிற இந்தக் காயம் எலும்பு டாக்டர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். சாரி கார்டு சேலைக்கு மட்டும் காவல் இல்லை, பிள்ளையின் குதிகாலுக்கும் அதுதான் காவல்.

கண்ணாடியைக் கழற்றினால் பின்னால் வருகிற லாரியைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்ப வேண்டும். திருப்புகிற அந்த நேரத்தில் முன்னால் என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது?

மாட்டுவதெல்லாம் யாருக்கு வலி?

முதலில் விளக்கு. கம்பெனி ஹெட்லைட்டில் டிம் போட்டால் வெளிச்சம் கீழ்நோக்கி விழுகிற மாதிரி அமைத்திருப்பார்கள். கடையில் மாட்டுகிற எல்.இ.டி.க்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும். அப்படி அடித்தால் பார்வை திரும்பச் சில விநாடிகள் ஆகும். வயதானவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் இன்னும் கூட நேரம் ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும். மூன்று விநாடி என்றால் 42 மீட்டர். அவ்வளவு தூரமும் அந்த மனிதர் கண்ணைக் கட்டிக் கொண்டு ஓட்டுகிற மாதிரிதான்! கண் நல்லாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிற ரோட்டில், எதிரே வருகிறவர் கண்ணில் இப்படி வெளிச்சத்தை அடிக்கலாமா?

"என் வண்டி எதிரே வர்றவனுக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்கலாம். அதற்குத்தான் 2017 ஏப்ரல் முதல் புது இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் எரிகிற மாதிரி செய்துவிட்டார்களே!

எக்ஸ்ட்ரா விளக்குக்காக வயரை வெட்டி ஒட்டுப் போடுவது இன்னொரு தலைவலி. பாட்டரி சீக்கிரம் தீரும். வயர் சூடேறி உருகும். அதுவும் பெட்ரோல் டாங்குக்குப் பக்கத்திலேயே! தீபாவளி சமயத்தில் எங்கள் பக்கத்தில் பட்டாசுப் பெட்டியை டாங்க் மேல் வைத்துக் கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம். பட்டாசை பைக்கில் கொண்டு போவதே தப்பு. அதோடு ஒட்டுப் போட்ட வயரும் சேர்ந்தால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது சத்தம். 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு நிறுவனம். அதற்கு மேல் 3 டெசிபெல் ஏற ஏற, தாங்கக் கூடிய நேரம் பாதி பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் ஒரே மணி நேரம். காதுக்குள் இருக்கிற நுண்ணிய செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. தெருவில் இருக்கிற கைக்குழந்தையும் இருதய நோயாளியும் படுகிற பாடு தனி. வண்டி ஓட்டுகிற பிள்ளையின் காதே முதல் பலி என்பதை அவனிடம் யாராவது சொன்னோமா?

ஹேண்டில் பாரைக் கீழே இறக்கினால் உடம்பின் பாரம் இடுப்பிலிருந்து மணிக்கட்டுக்கு வந்துவிடும். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். குனிந்தபடியே தலையை நிமிர்த்திப் பார்ப்பதால் பிடரி வலிக்கும். தினமும் ஆபீசுக்கோ ஆலைக்கோ 20 கிலோமீட்டர் போய் வருகிற மனிதருக்கு அந்த அழகு எதற்கு?

"லெக் கார்டு பாதுகாப்புதானே?" என்று நானும் நம்பியிருந்தேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 1970-களில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியரின் குழு, விபத்து நடந்த இடத்துக்கே போய்ச் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தது. 1981-ல் வந்த அந்த அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? இந்தக் கம்பிகளால் கணுக்காலிலும் பாதத்திலும் காயம் குறைகிறது. ஆனால் தொடையிலும் முழங்காலிலும் கீழ்க்காலிலும் அதே அளவுக்குக் காயம் கூடுகிறது. கணக்குக் கூட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை! நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தால் எஞ்சினில் கீறல் விழாது, அதுதான் லாபம்.

அப்போ எதையுமே மாட்டக் கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? மட்கார்டில் தொங்கல், ஹேண்டிலில் கலர் குஞ்சம், பாட்டுப் பாடுகிற ஹாரன் என்று நாங்களும் ஆடியவர்கள்தான். முதல் வண்டி என்பது ஒரு பையன் தன் சம்பாத்தியத்தில் வாங்குகிற முதல் பெருமை. அதைத் தன்னுடையதாக ஆக்கிக் கொள்ள ஆசைப்படுவான். அந்த ஆசை தப்பில்லை.

ஆனால் 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-ஐ நினைத்துப் பாருங்கள். ஒரு ஸீட், ஒரு கேரியர், ஒரு விளக்கு. பால்காரருக்கும் பூக்காரருக்கும் வாத்தியாருக்கும் அதுவே போதுமாக இருந்தது. அந்தக் குடும்பத்து வண்டிகள் இன்றைக்கும் எங்கள் ஊர்ச் சந்தைக்கு மூட்டை சுமக்கின்றன.

என் கட்சி இதுதான்: வண்டிக்கு மாட்டாதீர்கள், வண்டியில் உட்காருகிறவருக்கு மாட்டுங்கள்.

பதினெட்டாயிரத்துக்கு என்னென்ன வாங்கலாம்? ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள இரண்டு நல்ல ஹெல்மெட். 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு, ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் 69 சதவிகிதமும் சாவு 42 சதவிகிதமும் குறைகிறது என்கிறது. எந்த லெக் கார்டு இதைச் செய்யும்? வீட்டில் 4 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற பாதுகாப்பு பெல்ட்டும், பிள்ளையின் தலைக்குப் பொருந்துகிற சின்ன ஹெல்மெட்டும் வாங்குங்கள். 2023 பிப்ரவரி முதல் இது சட்டமே. பிள்ளையை வைத்துக் கொண்டு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவும் கூடாது. இவ்வளவும் வாங்கின பிறகும் பணம் மிஞ்சும். அதில் தேய்ந்த டயரையும் பிரேக் கட்டையையும் மாற்றலாம்.

சட்டமும் சும்மா இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமேயோ என்று ஆக்கிவிட்டார்கள். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கப் போனால், சொல்லாமல் செய்த மாற்றத்தால் அங்கேயும் சிக்கல் வரலாம்.

ஆகவே எதை மாட்டுவதற்கு முன்னாலும் இரண்டே கேள்வி. இது பின்னால் உட்காருகிறவருக்கு என்ன செய்யும்? எதிரே வருகிறவருக்கு என்ன செய்யும்? இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால் தாராளமாக மாட்டுங்கள்.

என் தங்கை மகன் கதைக்கு வருகிறேன். மறுநாளே அவனைச் சாத்தூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கூட்டிக் கொண்டு போனேன். வண்டியைச் சுற்றி வந்தவர், "அண்ணாச்சி, தினமும் நாலு பேரு கழட்டத்தான் வாராங்க. திருப்பி மாட்டணும்னு வந்தது நீங்கதான்!" என்று சிரித்தார். கழற்றிய சாமான்கள் நல்ல வேளையாக வீட்டுப் பரணில் இருந்தன. சாரி கார்டு, கம்பி, கண்ணாடி எல்லாம் ஏறின. ஹேண்டில் மேலே வந்தது. விளக்கும் சைலென்ஸரும் இறங்கின. லெக் கார்டை மட்டும் கழற்ற மனசு வரவில்லை அவனுக்கு. "அது இருக்கட்டும் மாமா" என்றான். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. அந்த வாரமே அவன் அம்மாவுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கியிருந்தான்.

கிழிந்த அந்தச் சேலையை என் மனைவி தூக்கிப் போடவில்லை. "அவன் வீட்டுக்கு வரும்போது கண்ணில படட்டும்" என்று கொடியிலேயே போட்டு வைத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பைக் நிற்கிறதா? இன்றைக்கே ஒருமுறை அதன் பின் சக்கரத்தைப் பாருங்கள். சாரி கார்டு இருக்கிறதா?