பீடுநடை யாருக்கு உரியது?

செருக்குநடையைக் குறிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் பலவுள. தோளை ஆட்டித் திமிரோடு நடப்பது ‘ஸ்வகர்’. நெஞ்சு விம்ம விறைத்து நடப்பது ‘ஸ்ட்றட்’. குதிரைபோல் துள்ளி நடப்பது ‘பிறான்ஸ்’. ஒய்யாரமாக அசைந்து நடப்பது ‘ஸஷே’. ஒவ்வொன்றும் ஒற்றை வினைச்சொல். இவற்றை அடுக்கிக் காட்டிவிட்டு, “தமிழில் இவற்றுக்கு நிகரான வினை ஒன்றேனும் உண்டா?” என வினவுவோர் எம்மிடையே உளர். வினாவின் உட்கிடை வெளிப்படையானது. தமிழ் நுண்மையற்ற மொழி என்பதே அது.

இக்கூற்று மொழிகளின் இயல்பை அறியாதார் கூற்று. ஆங்கிலம் இயக்கத்தின் பாங்கை வினைக்குள்ளேயே அடக்கும். தமிழ் அதனை அடையாக்கி வினைக்கு முன்னே நிறுத்தும். பிரெஞ்சும் ஸ்பானியமும் பெரும்பாலும் பாங்கை வினைக்கு வெளியே வைப்பனவே. அவற்றை வறிய மொழிகள் என்று எவரும் இகழ்வதில்லை. ‘ஸஷே’ என்பதே பிரெஞ்சு நடனத்தின் அடிவைப்பொன்றின் பெயரைத் திரித்துக் கடன்கொண்ட சொல்தான். எம்மிடம் பீடுநடை, ஏறுநடை, வீறுநடை, மிடுக்குநடை, ஒய்யாரநடை எனப் பல உள. எமது பேச்சு வழக்கோ இன்னும் ஒருபடி மேலே சென்று, “அவருக்கு இப்ப பெரிய நடப்பு” என்கிறது. நடத்தலிலிருந்தே பகட்டுக்கு ஒரு பெயரைப் பிறப்பித்துக்கொண்ட மொழியை வறியது என்பது எவ்வாறு பொருந்தும்?

ஆயின் இத்துடன் வெற்றி முழங்கி அமைவோரோடும் நான் உடன்படேன். சொற்களை எண்ணிக் குவிப்பது அகராதிகாரர் பணி. சொல் எவர்மீது எறியப்படுகிறது என்பதைக் காண்பதே எமது பணி.

‘ஸ்வகர்’ என்ற சொல்லின் மிகப்பழைய ஆட்சிகளுள் ஒன்று ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தில் உளது. அங்கு அச்சொல்லால் ஏசப்படுவோர் பிரபுக்கள் அல்லர். நாடகமாடத் துணிந்து காட்டில் ஒத்திகை பார்க்கும் தச்சரும் நெசவாளருமே. தன் நிலைக்கு மேலாக நிமிர்ந்தவன் எனக் கருதப்பட்டவனைக் கண்டிக்கும் சொல் அது. பின்னர் ஆங்கிலப் படையினர் கையில் ஏந்திய குறுந்தடி ‘ஸ்வகர்’த் தடி எனப் பெயர் பெற்றபோது வசைச்சொல் அணியாயிற்று. நெசவாளன் நடந்தால் பழி. படையாள் நடந்தால் பெருமை.

இதற்கு எதிர்ச்சான்றும் வரலாற்றில் உண்டு. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் தம் எசமானரின் டாம்பீக நடையைக் கேலிசெய்து ஆடியதிலிருந்தே ‘கேக்வோக்’ என்னும் ஆட்டம் பிறந்தது. தம்மைத்தான் நையாண்டி செய்கின்றனர் என்பதை உணராமலே எசமானர் அதனைக் கண்டு களித்தனர்.

இனி எமது கரைக்கு வருவோம். மன்னாரின் தென்கரையில், முசலிப் பிரிவில், வில்பத்துக் காட்டிற்கு வடக்கே அமைந்த ஊர் மறிச்சுக்கட்டி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துச்சலாபம் இங்கு கூடியபோது வெறும் மணல்வெளி பல்லாயிரம் மக்கள் திரண்ட நகராயிற்று. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறத்தாழ எட்டுக் கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருவாய் கிட்டியது. மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவனுக்குச் சிப்பியில் மூன்றிலொரு பங்கு. கரையில் நின்ற அரசுக்கு மூன்றில் இரண்டு. அங்கு நிமிர்ந்து நடக்கும் உரிமை எவருக்கு இருந்தது?

1906இல் அங்கே மேற்பார்வைப் பணிக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெனாட் வுல்ப் இதற்கு விடை தருகிறார். அரபுக் குளியாளரைக் கைத்தடியால் அடித்து வேலை வாங்கியதைத் தம் நண்பர் லிற்றன் ஸ்ற்றேச்சிக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒளிக்காமல் கூறுகிறார். அந்த அரபிகள் தம்மிடம் குழையாமல், மனிதன் மனிதனோடு பழகுவதுபோலப் பழகியதையும் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் மதிப்போடு நினைவுகூர்கிறார். தடியேந்தித் திரிந்தவரின் நடை ‘நிருவாகம்’ எனப்பட்டது. பீடுநடையோ அடிபட்டவரிடத்தே இருந்தது. ஆங்கிலத்தின் அத்தனை நடைச்சொற்களும் இவ்வுண்மையைச் சுட்ட உதவவில்லை.

ஆங்கிலேயரைச் சாடியதோடு நின்றால் இக்கட்டுரை அரைவாசி உண்மையே பேசியதாகும். எமது சமூகத்தில் செருப்பணிந்து நடந்தவனை, குடைபிடித்து நடந்தவனை, தோளில் சால்வையோடு நடந்தவனை “திமிர் பிடித்தவன்” என்றவர் யார்? 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றவேண்டி வந்ததும், 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாயிலில் போராட்டம் நிகழ்ந்ததும் எவர் கால்களைத் தடுத்ததால்? உயர்ந்தோன் என்பான் நடந்தால் மிடுக்கு. தாழ்த்தப்பட்டோன் நடந்தால் நடப்பு. குறள்கூட ஏறுபோன்ற நடையை ஆடவனுக்கே வழங்கி, அதன் பிணையை அவன் மனைவியின் புகழில் வைத்தது. அவள் எவ்வாறு நடப்பாள் என்பதைக் கேட்கப் பாரதியின் புதுமைப்பெண் வரவேண்டியிருந்தது.

மறிச்சுக்கட்டி மக்கள் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள். 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, இவ்வூரவரும் கையிற் கொண்டதோடு நடந்தனர். அந்த நடைக்கு எந்தத் தமிழ் அகராதியில் சொல் தேடுவோம்? 2009இல் போர் முடிந்தபின் திரும்பினர். இடைப்பட்ட ஆண்டுகளில் வளவுகளில் காடு வளர்ந்திருந்தது. 2012இலும் 2017இலும் வெளியான வர்த்தமானி அறிவித்தல்கள் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளை வன ஒதுக்கத்துள் அடக்கின. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாற்றுக் காட்டு மீள்குடியேற்றம் சட்டவிரோதமானது எனத் தீர்த்தது. காடு காக்கப்படவேண்டியதே, காணியின் எல்லை ஆவணங்கொண்டு துணியப்படவேண்டியதே. ஆயின் இருபது ஆண்டு அகதிமுகாமில் இருந்து தந்தையின் கிணற்றைத் தேடி வந்தவனுக்கும், புதிதாகக் காடு வெட்டியவனுக்கும் ‘அத்துமீறியோர்’ என்ற ஒரே சொல்லைச் சூட்டியது எந்த நீதி? அவர்கள் தலைநிமிர்ந்து உரிமை கேட்டபோது, அதனையும் செருக்கு என்றனர்.

எனவே, தமிழில் ‘ஸ்வகர்’ உண்டா என்ற வினாவை விட்டொழிப்போம். பீடு தகுதியால் வருவது; செருக்கு பிறரைத் தாழ்த்துவதால் வருவது. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கூறும் சொற்கள் தமிழில் உள. அவற்றை ஆள்பார்த்து வழங்காத நேர்மைதான் எம்மிடம் இல்லை. கற்றோர் என்று தம்மை அழைத்துக்கொள்வோர், ஒருவன் நடையை ‘நடப்பு’ என்று இகழுமுன், இதே நடையைத் தம் வீட்டார் நடந்தால் என்ன சொல்வர் என்று ஒருகணம் எண்ணிப் பார்க்கக் கடவர்.