காய்ச்சல் போச்சு, மூச்சு எங்கே?

போன மாதம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குச் சந்தா வசூலுக்குப் போயிருந்தேன். பிரட்டுக்களத்துப் பக்கம் ஒரு அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பால் வெட்டில் இருபது வருட அனுபவம்.

"காச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில பன்னண்டு நாள் ஆக்சிஜன் வச்சாங்க தம்பி. காச்சல் போயி நாலு மாசமாச்சு. மேட்டு நெரையில ஏறுனா இன்னும் நெஞ்சடைக்குது. மண்டோர் என்னடான்னா, ஆஸ்பத்திரி சொகம் கண்டுட்டியான்னு கேக்குறாரு."

அந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரப் பதில், தோழர்களே.

சாதாரணச் சளிக்காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். ஆனால் இன்புளுவென்சா கடுமையாகி நுரையீரலின் அடிவரை இறங்கினால் கதை வேறு. உள்ளே கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் பிராணவாயு இரத்தத்தில் சேர்கிறது. அந்தச் சுவர் புண்ணாகி, பைகளில் நீர் கட்டிக்கொள்கிறது. புண் ஆறும்போது சிலருக்கு அந்த இடத்தில் நார் நாராகத் தழும்பு விழுந்துவிடுகிறது.

பால் வெட்டுகிற நமக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கத்தி பட்டையோடு நின்றால் புதுப்பட்டை வழுவழுவென்று வளரும். கட்டை வரை இறங்கிக் காயம் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் ஆறும். மறுபடி அங்கே வெட்டிப் பாருங்கள், கத்தி ஓடாது. தழும்பு விழுந்த நுரையீரலும் அப்படித்தான். விறைத்துப்போய் விரிய மறுக்கும். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மேடு ஏறினால், வாளி தூக்கினால் குட்டு வெளிப்படும்.

2009-இல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1 காய்ச்சலில் கடுமையாக விழுந்து பிழைத்தவர்களைப் பல மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குத் தழும்பு அப்படியே இருந்தது. நிறையப் பேருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைகிறது என்பதும் உண்மை. பயந்து சாக வேண்டாம். 1918-இல் வந்த பெருங்காய்ச்சலில் மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பிழைத்து எழுந்தவர்கள் எத்தனை பேர் இப்படி மூச்சிரைத்துக்கொண்டே மரம் வெட்டினார்களோ!

ஆகவே, பெரிய காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதமாகியும் மூச்சு வாங்கினால் கடை மருந்தை வாங்கிக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கிளினிக்கில் போய், "ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், இன்னும் மூச்சு வாங்குகிறது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாலும் விடாதீர்கள். லேசான தழும்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஊதிப் பார்க்கும் சோதனையும், நடக்கவிட்டு விரலில் பிராணவாயு அளக்கும் சோதனையும், தேவையானால் ஸ்கேனும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்கும் சளியைச் சோதிக்க வேண்டும். விழுந்த தழும்பைத் துடைத்தெடுக்க மருந்து இல்லை. ஆனால் மூச்சுப் பயிற்சியும், நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டி நடப்பதும் பலன் தரும். சுருட்டு, சிகரெட் பிடிக்கிற அண்ணன்மார் காதில் இது விழுந்தால் சரி.

வருடத்துக்கு ஒரு தடுப்பூசி போட்டுக்கொண்டால் கடுமையாக விழும் ஆபத்து குறையும். வயதானவர்கள், நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் விசாரியுங்கள்.

இனி சங்கத்துக்காரன் பேச்சு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதற்கு டாக்டர் கடிதம் வேண்டும். சொக்சோ என்றால் கை கால் அடிபட்டால்தான் என்று நம்மில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இயலாமை ஓய்வூதியம் என்று ஒன்று இருக்கிறது. வேலையில் அடிபட வேண்டியதில்லை, நோயினாலும் கிடைக்கும். நல்ல உடம்புக்காரர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிரந்தர நிலை, 60 வயதுக்குக் கீழே, போதுமான மாதச் சந்தா. இவை இருந்தால் மனுப் போடலாம். மூச்சு கொஞ்சம் வாங்குகிறது என்பதற்கு இது கிடைக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்டவர்களுக்கு நாம் கேட்க வேண்டியது லேசான வேலை. மேட்டு நெரைக்குப் பதிலாகப் பள்ளத்து நெரை, இல்லாவிட்டால் நாற்றுமேடை. டாக்டர் கடிதத்தில் "மேடு ஏறும் வேலை கூடாது" என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள், ஒன்றைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள்.

அந்த அக்காவுக்கு அடுத்த மாதம் ஸ்கேன். பள்ளத்து நெரை கேட்டு ஆபீசுக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. கிராணி வாங்கி வைத்துக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.